பென் டிரைவ் முழுக்க ஷார்ட்கட்: ஃபார்மேட் செய்யலாமா?

கேள்வி: மகளின் ஆய்வேட்டைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைக் கொடுத்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா ஃபோல்டரிலும் சின்ன அம்புக்குறி. கிளிக் செய்தால் திறக்கிறது. ஆனால் வேறு கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்தால் 2 கேபிதான் போகிறது, திறக்கவும் மாட்டேன் என்கிறது. ஃபார்மேட் செய்துவிடுங்கள் என்கிறார் தெரிந்தவர். செய்யலாமா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: செய்யாதீர்கள் அம்மா. ஆய்வேடு அநேகமாக அந்தப் பென் டிரைவிலேயேதான் இருக்கிறது. டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். பயன்படுத்திய இடம் பல எம்பி என்று காட்டினால், அது உங்கள் ஃபைல்கள் பிடித்திருக்கும் இடம்தான்.

இது ஷார்ட்கட் வைரஸ். அசல் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்களை வைத்துவிடும். அதைக் கிளிக் செய்ததும் முதலில் வைரஸ் ஓடும். அடுத்த நொடி உண்மையான ஃபோல்டர் திறக்கும். அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை. நீங்கள் காப்பி செய்ததும் வெறும் ஷார்ட்கட்டைத்தான். உள்ளே இருப்பது கட்டளை மட்டுமே.

உறுதி செய்துகொள்ள, ஷார்ட்கட்டின் ‘ப்ராப்பர்ட்டீஸ்’ திறந்து ‘டார்கெட்’ கட்டத்தைப் படியுங்கள். ஒழுங்கான ஷார்ட்கட்டில் ஃபைல் இருக்கும் இடம் மட்டும் இருக்கும். அங்கே ‘சிஎம்டி’, ‘டபிள்யூஸ்கிரிப்ட்’ என்று இருந்தால் வைரஸேதான்.

நீங்கள் கிளிக் செய்துவிட்டதால் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அது புகுந்திருக்கும். முதலில் சுத்தம் செய்ய வேண்டியது அதைத்தான். இல்லையென்றால் பென் டிரைவை எத்தனை முறை துடைத்தாலும் திரும்பவும் தொற்றும். பென் டிரைவைக் கழற்றிவிட்டு, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிச் சுமார் 15 நிமிடம் தேடும்.

பிறகு பென் டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். அடுத்து ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேலே உள்ள மூன்று புள்ளிகளில் ‘ஆப்ஷன்ஸ்’ (விண்டோஸ் 10 என்றால் ‘வியூ’ மெனுவில்), அதில் ‘வியூ’. அங்கே மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி தேர்ந்தெடுங்கள். அது மட்டும் போதாது. அதற்குக் கீழே ‘ஹைட் ப்ரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ என்று இருக்கும். அந்த டிக்கையும் எடுங்கள். வைரஸ் உங்கள் ஃபோல்டர்களுக்கு சிஸ்டம் ஃபைல் முத்திரை குத்தியிருக்கும், அதனால்தான். எச்சரிக்கை வரும், ‘யெஸ்’ கொடுங்கள்.

அசல் ஃபோல்டர்கள் மங்கலாகத் தெரியும். சில சமயம் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். கம்ப்யூட்டரில் புது ஃபோல்டர் போட்டு, பழைய ஃபோல்டரை அப்படியே இழுக்காமல், உள்ளே இருக்கும் வேர்டு, பிடிஎஃப் ஃபைல்களை மட்டும் காப்பி செய்யுங்கள். பெயர் தெரியாத ஸ்கிரிப்ட் ஃபைல்களைத் தொடாதீர்கள். ஆய்வேட்டைத் திறந்து கடைசிப் பக்கம் வரை பார்த்த பிறகு பென் டிரைவைத் தாராளமாக ஃபார்மேட் செய்யலாம். எடுத்த டிக்கை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

பென் டிரைவைச் செருகியதுமே தானாக ஓடும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2011-இல் பழைய விண்டோஸ்களிலும் நிறுத்திவிட்டது. ஆகவே இந்த வைரஸுக்கு நீங்கள் கிளிக் செய்தாக வேண்டும். இனி பிரிண்டுக்குப் போகும்போது ஆய்வேட்டின் ஒரே பிரதியைக் கொண்டு போகாதீர்கள். பிடிஎஃப் ஆக்கி மெயிலில் அனுப்புங்கள். அந்தக் கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், அவர் கம்ப்யூட்டரில் தினமும் எத்தனையோ பிள்ளைகள் பென் டிரைவைச் செருகுகிறார்கள்.