முதலில் அண்ணன் வீடு

கேள்வி: குடும்பத்தையே கொன்றவனை மன்னித்துவிட்டேன் என்று சிலர் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. எல்லோருக்கும் மன்னிப்பு உண்டு என்று நீங்கள் அறிவித்துக்கொண்டே போனால், சட்டம் எதற்கு, நீதிமன்றம் எதற்கு?
– ஒரு வாசகர், தி.நகர்

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மன்னிப்பு என்ற பெயரில் குற்றத்தைப் பூசி மெழுகுவதை நானும் பார்த்திருக்கிறேன். அது மன்னிப்பு அல்ல.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு மகன்களையும் ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. மூத்தவன் பிலிப்புக்கு 10 வயது, இளையவன் திமோத்திக்கு 6. பாரிபதாவில் தொழுநோயாளர்களுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர் கிரஹாம். கொன்றவர்களை மன்னிப்பதாக அவருடைய மனைவி கிளாடிஸ் சொன்னார். கூடவே, மன்னிப்பையும் குற்றத்தின் விளைவையும் போட்டுக் குழப்பக் கூடாது என்பதிலும் தெளிவாக இருந்தார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளி தாரா சிங்கின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தண்டனை அரசின் வேலை. பகையை மனத்தில் வளர்ப்பதா, கீழே இறக்கி வைப்பதா என்பது மட்டுமே கிளாடிஸின் கையில் இருந்தது. அவர் இறக்கி வைத்துவிட்டு, அதே தொழுநோயாளர்களிடம் திரும்பிப் போனார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஏழைப் பழங்குடியினரை வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுவிக்கப் பாடுபட்டவர், கேரளத்திலிருந்து சென்ற அருட்சகோதரி ராணி மரியா. 1995 பிப்ரவரி 25 அன்று, பேருந்தில் போய்க்கொண்டிருந்தவரை சமந்தர் சிங் என்பவர் கத்தியால் குத்திக் கொன்றார். 2002-இல் ராணி மரியாவின் சொந்தத் தங்கை செல்மி, அவரும் துறவிதான், சிறைக்குப் போய் அந்த மனிதரின் கையில் ராக்கி கட்டினார். அக்காவைக் கொன்றவரைச் சகோதரன் என்று ஏற்றார். அந்தக் குடும்பமே விடுதலைக்குப் பரிந்து பேசியது. 2006-இல் சமந்தர் வெளியே வந்தார். பிறகு கேரளத்தில் அந்தக் குடும்பம் இருக்கும் புல்லுவழிக்கே போய், பெற்றவர்கள் முன்னால் நின்றார். 11 ஆண்டுகள் அவர் சிறையில் கழித்ததையும் மறந்துவிடாதீர்கள். சட்டமும் தன் வேலையைச் செய்தது, மன்னிப்பும் தன் வேலையைச் செய்தது.


கேள்வி: ஃபாதர், மந்தைவெளியில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் 22 வருடமாக இருக்கிறேன். மேல் வீட்டு மாமியும் நானும் சொந்தம் மாதிரி. அவர் வீட்டுக் கொலுச் சுண்டல் எங்களுக்கு வரும். முட்டை போடாத கேக் எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போகும். பெசன்ட் நகர் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு என்னோடு வருவார். எங்கள் அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்), “உயிர்த்த ஆண்டவர் எல்லா மக்களுக்கும் மனந்திரும்புதலையும் பாவமன்னிப்பையும் அறிவிக்கச் சொன்னாரே, அந்த மாமியிடம் ஒரு வார்த்தையாவது சொன்னாயா?” என்று கேட்டுவிட்டார்கள். சொன்னால் மதம் மாற்றப் பார்க்கிறேன் என்று மாமி நினைத்துவிடுவாரோ என்று பயம். சொல்லாவிட்டால் கடமை தவறுகிறேனோ என்று உறுத்தல். இதற்கு நடுவில் அப்பா வீட்டுப் பாகப்பிரிவினையில் அடையாற்றில் இருக்கும் என் அண்ணனோடு 6 வருடமாகப் பேச்சு இல்லை, அந்த மனக்கஷ்டம் வேறு. வழிகாட்டுங்கள்.
– ஒரு வாசகி, மந்தைவெளி

பதில்: சகோதரி, உங்களுக்கு வந்திருக்கும் உறுத்தலை நான் மதிக்கிறேன். அன்பியத்தில் கேட்டவர்களும் தவறாகக் கேட்கவில்லை. லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் அந்தக் கட்டளை இருக்கிறது. எல்லா மக்களுக்கும் என்றுதான் இருக்கிறது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று இல்லை. அதை வசதிக்காகச் சுருக்க எனக்கு அதிகாரம் கிடையாது.

ஆனால் ‘மனந்திரும்புதல்’ என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். திரும்புதல் தன்வினை. தெருவில் போகிறவர் தானே நின்று, தானே திரும்ப வேண்டும். மனந்திருப்புதல் என்று யாரும் சொல்வதில்லை. மதம் மாற்றுதலோ பிறவினை. அங்கே ஒருவர் செய்கிறார், இன்னொருவருக்குச் செய்யப்படுகிறது. ஆண்டவர் நம்மிடம் கொடுத்தது தன்வினையை அறிவிக்கும் வேலை. அடுத்தவர் மனத்தைப் பிடித்துத் திருப்பும் வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படித் திருப்பினால் அது மனந்திரும்புதலே இல்லை.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் கோடு போடுகிறது. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தருகிறது. அந்த உரிமை கொள்கையை எடுத்துச் சொல்வதற்கானது, இன்னொருவரை மாற்றும் உரிமை அல்ல என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பின் எல்லா விளைவுகளோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஏழை எளிய விசுவாசிகளைத் துன்புறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். என்றாலும், எடுத்துச் சொல்வது வேறு, மாற்றுவது வேறு என்ற பிரிப்பு சரிதான்.

‘பரப்புதல்’ என்ற சொல் அரசியலமைப்பில் வேண்டுமா என்று 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் வாதம் நடந்தது. அது இருக்கட்டும் என்று பேசியவர்களில் ஒருவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நீங்கள் ஆழ்வார்பேட்டைக்குப் போகும்போது கடக்கும் டி.டி.கே. சாலைக்குப் பெயர் தந்தவர். தாம் 14 ஆண்டுகள் போலக் கிறிஸ்தவக் கல்விநிலையங்களில் படித்ததாகவும், தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றும் அவர் சபையிலே சாட்சி சொன்னார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழும். யாரோ பெயர் தெரியாத ஆசிரியர்களும் சக மாணவர்களும் வகுப்பறையில் நடந்துகொண்ட விதம், பல வருடம் கழித்து தில்லியில் நம் எல்லோருக்கும் ஓர் உரிமையை வாங்கித் தந்ததில் பங்கு வகித்திருக்கிறது.

கட்டளையில் இன்னொரு பகுதியும் உண்டு. அன்பியத்தில் அதைச் சொன்னார்களா தெரியவில்லை. எருசலேமிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் ஆண்டவர். ஏன் எருசலேம்? அவரைச் சிலுவையில் அறைந்த ஊர் அது. பேதுரு மறுதலித்த ஊர், மற்ற சீடர்கள் ஓடி ஒளிந்த ஊர். எங்கே தப்பு செய்தோமோ, எங்கே நமக்குத் தப்பு செய்தார்களோ, அங்கே தொடங்கு என்கிறார். தூர தேசம் பிறகு.

1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் நம் சாந்தோமுக்கு வந்து சில மாதங்கள் தங்கி, தோமையார் கல்லறையில் செபித்தார். அப்போது அவர் அதிகம் அலைந்தது இங்கே கண்டபடி வாழ்ந்துகொண்டிருந்த போர்ச்சுகீசிய வணிகர்களையும் சிப்பாய்களையும் தேடித்தான். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்களிடம் போய் மனந்திரும்பச் சொன்னார். ஜுவான் தெ எய்ரோ என்ற வணிகர் தம் உடைமையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போனார்.

நம்முடைய ஊரிலேயே நாம் மனந்திரும்ப வேண்டியவை குறைவா? கடலோரத்தில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்தது என்று மயிலாப்பூர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருந்துகிறார்கள். யாராவது அதைச் சொன்னால் உடனே எதிர்வாதத்துக்குக் கிளம்பாமல், முதலில் காது கொடுங்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோயிலில் சாதி பார்த்து மக்களைப் பிரிக்கச் சுவரே இருந்தது, 1910-இல்தான் இடித்தார்கள். மனத்தில் இருக்கும் சுவர்களைப் பற்றி நம் பங்குகளில் இன்னும் பேசி முடியவில்லை. 1986-இல் சாந்தோமுக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2000 மார்ச் 12 அன்று உரோமையில், திருச்சபையின் மக்கள் பிற பண்பாடுகளுக்கும் மதங்களுக்கும் எதிராகச் செய்த பாவங்களுக்காக வெளிப்படையாகக் கடவுளிடம் மன்னிப்பு கேட்டார். மனந்திரும்புதலை அறிவிப்பது என்றால் எனக்கு முதலில் அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். கடைசியில், போகிற போக்கில் அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்குக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரிதான். உங்கள் எருசலேம் அடையாற்றில் இருக்கிறது, சகோதரி. திரு.வி.க. பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும்.

அண்ணனிடம் போய் மன்னிப்பு கேட்பதை, சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. அதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து தனியாகப் பேசுங்கள், விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் வீட்டுக்குப் போகும் அன்றைக்கு அந்தப் பேச்சு வேண்டாம், காகிதம் எதுவும் கையில் வேண்டாம். “நீங்களும்தானே அண்ணா அப்படிப் பேசினீங்க” என்று ஆரம்பிக்காதீர்கள். இந்த 6 வருடத்தில் நீங்கள் பேசிய வார்த்தைகளில் எது இரவில் உங்களையே உறுத்துகிறதோ, அதை மட்டும் சொல்லி மன்னிப்பு கேளுங்கள். அவர் உள்ளே வாம்மா என்று சொல்லாமலும் போகலாம். அண்ணி கதவைத் திறக்காமலும் இருக்கலாம். அப்படியானால் இன்னொரு நாள் போங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு என்னிடம் வருவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு, போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று சொன்னவர் ஆண்டவரே.

மாமி விஷயத்துக்கு அப்புறம் தனியாகத் திட்டம் எதுவும் தேவைப்படாது. 22 வருடமாக ஒரே மாடிப்படி. உங்கள் வீட்டுக்கு அண்ணன் வருவதில்லை என்பது மாமிக்கு எப்போதோ தெரியும். கேட்கக் கூடாது என்று கேட்காமல் இருக்கிறார். நீங்கள் அடையாற்றிலிருந்து திரும்பி வரும் சாயங்காலம், முகத்தைப் பார்த்தே “எங்கே போயிட்டு வரே?” என்பார். சொல்லுங்கள். ஏன் திடீரென்று என்று கேட்பார். அதையும் சொல்லுங்கள்.