களை என்று ஒன்று உண்டோ?

மழைக்காலத்து நான்கு திங்களும் நம் முனிவர்கள் ஓரிடத்தே தங்கிச் சாதுர்மாச விரதம் காக்கின்றனர். ஈரநிலத்தில் முளைத்தெழும் புல்லும் பூண்டும், அவற்றை அண்டி வாழும் சிற்றுயிர்களும் காலடியில் நசுங்கலாகாது என்பதே அதன் காரணம். உலகோர் களை என்று ஒதுக்கும் புல்லின்பொருட்டுத் துறவியரின் நடையே நின்றுவிடுகிறது. இச்சிறப்பினை நாம் சிந்தித்தல் வேண்டும்.

களை என்பது செடியின் குணமன்று. நம் தேவை அதற்கு இட்ட பெயர். ஜினாகமம் செடிகொடிகள் அனைத்தையும் வனஸ்பதிகாய ஜீவன்கள் என்றே கூறுகிறது. தொடுவுணர்வு, உடல்வலி, ஆயுள், மூச்சு என அவற்றிற்குப் பிராணன்கள் நான்கு. ரோஜாவுக்கும் நெருஞ்சிக்கும் இதில் ஏற்றத்தாழ்வு இல்லை.

வரப்போரத்தில் சற்றே குனிந்து நோக்குவோம். தும்பையின் தண்டு நாற்கோணமானது. அதனைச் சுற்றி வெண்மலர்கள் வளையம்போல் அமைந்துள்ளன. முள்ளுக்காக நாம் வெறுக்கும் நெருஞ்சி, ஐந்து மஞ்சள் இதழ்களை விரித்து நிற்கிறது. வெட்டுக்காயப் பூண்டின் தலையில் ஒரே பூவாகத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்களின் கூட்டம். அவற்றின் விதைகள் மெல்லிய தூவிகளோடு காற்றில் மிதந்து செல்கின்றன.

அங்ஙனமாயின் உழவுத்தொழில் புரியும் சிராவகர் களையெடுத்தல் ஆகாதோ எனும் ஐயம் எழலாம். வாழ்க்கைக்குரிய தொழிலில் நேரும் உத்யோகி ஹிம்சையை இல்லறத்தாரால் முற்றும் விலக்க இயலாது. கருணையோடு அதனைக் குறைத்துக்கொள்வதே அவர் கடன். ஆனால் பயனின்றிச் செய்யும் ஹிம்சை வேறு. சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், வீணே செடிகொடிகளை அறுத்தலைப் பிரமாதசரியை என்னும் அநர்த்ததண்டமாகக் காட்டுகிறார். பேசிக்கொண்டே இலையைக் கிள்ளுதலும், நடந்துகொண்டே பூண்டின் தலையைக் கோலால் அடித்தலும் இதன்பாற்படும்.

பிரமாதம் என்பது விழிப்பின்மை. கிள்ளும் கை பெரும்பாலும் பாராமலேயே கிள்ளுகிறது. நின்று நோக்கும் கண்ணோ கையைத் தடுத்துவிடுகிறது. ஆதலின் எளிய பூண்டின் அழகினைக் காண்பதும் விரதத்திற்குத் துணையாகும். எனினும் அழகென்று கண்டவுடன் பறித்து உடைமையாக்க விழைவது ராகமேயாம். பறியாது கண்டு, மகிழ்ந்து, அதனை அதன் இடத்திலேயே விட்டு அகல்வதே முறை.

நாள்தோறும் நம் வாயிற்புறத்துப் பூண்டு ஒன்றையேனும் நின்று நோக்குவோம். ஓரறிவுயிரையும் நம்மையொத்த ஜீவனெனக் காணும் நற்காட்சி நம்மிடத்து வளர்வதாக!