லாகின் பட்டன் காணோமா? கைகொடுக்கும் 15 குறிப்புகள்

பிள்ளைகளின் படிப்பு, கடைக் கணக்கு, விண்ணப்பக் கடிதம் என்று எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் சாட்ஜிபிடி, கிளாட் போன்ற ஏஐ ஆப்களைத் திறக்கிற வீடுகள் இப்போது நிறைய. வழக்கமாக அழுத்துகிற கூகுள் பட்டனோ ஆப்பிள் பட்டனோ ஒருநாள் திரையில் இல்லாமல் போனால் பதறாதீர்கள், தோழிகளே! வாசல் கதவு திறக்காவிட்டால் கொல்லைப்புறம் வழியாக உள்ளே போவதில்லையா? இதுவும் அப்படித்தான். பட்டன் போனாலும் கணக்கு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

1. முதலில் ஆப்பை முழுதாக மூடித் திறங்கள். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் பல ஆப்கள் மூடுவதில்லை, பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஐகானில் வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். மேக்கில் கமாண்டையும் க்யூவையும் சேர்த்து அழுத்துங்கள்.

2. அதே ஆப்பின் வெப்சைட்டை பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கே பட்டன் இருந்தால் கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள ஆப்பில்தான். அப்டேட் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை பிரவுசரிலேயே வேலையைத் தொடரலாம்.

3. வெப்சைட்டிலும் பட்டன் இல்லையா? சாட்ஜிபிடி, கிளாட் இரண்டுக்குமே 'ஸ்டேட்டஸ்' பக்கம் உண்டு. லாகின் பழுதாகியிருந்தால் அங்கே தெரிவிப்பார்கள். அப்படி இருந்தால் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுவதில் நேரத்தைச் செலவழிக்காமல், அடுப்பு வேலையை முடித்துவிட்டு வந்து பாருங்கள்.

4. போனிலோ இன்னொரு கம்ப்யூட்டரிலோ அதே கணக்கு திறந்திருந்தால், அங்கே தப்பித்தவறியும் லாக்-அவுட் செய்துவிடாதீர்கள். செட்டிங்ஸுக்குள் போய், கணக்கு எந்த மெயில் முகவரியில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்குமே திறந்திருக்காவிட்டால், மெயிலில் ஆப்பின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வரவேற்பு மெயிலோ ரசீதோ வந்திருக்கும் முகவரிதான் உங்கள் கணக்கு.

5. கூகுள் பட்டன் மறைந்திருந்தால், அதே ஜிமெயில் முகவரியை மெயில் கட்டத்தில் டைப் செய்து பாருங்கள். கிளாடில் பாஸ்வேர்டே கிடையாது. மெயிலுக்கு வரும் லிங்க்கை அழுத்தினால் அதே கணக்கு திறந்துவிடும். பட்டன் திரும்பி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

6. முகவரியில் புள்ளியைக் கவனியுங்கள். பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஜிமெயிலுக்கு ஒன்றுதான். மற்ற ஆப்கள் அவற்றை இரண்டு வேறு முகவரிகளாக எடுத்துக்கொள்ளலாம். முதலில் கொடுத்தபடியே ஓர் எழுத்து மாறாமல் டைப் செய்தால், வெற்றுக் கணக்கு ஒன்று புதிதாக முளைக்காது.

7. ஆப்பிள் பட்டன் வழியாகச் சேரும்போது மெயிலை மறைக்கச் சொல்லியிருந்தால், உங்கள் கணக்கு 'பிரைவேட் ரிலே' என்று வரும் ஒரு நீளமான முகவரியில் இருக்கும். ஐபோன் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தொட்டு, 'சைன் இன் வித் ஆப்பிள்' பகுதியில் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த முகவரிக்குப் போகும் மெயில் உங்கள் சொந்த மெயில் பெட்டிக்கே வந்து சேரும்.

8. ஆப்புக்குள்ளேயே பதித்த திரையில் கூகுள் லாகின் செய்வதை 2021 முதல் கூகுள் தடுத்துவிட்டது. அதனால்தான் பட்டனை அழுத்தியதும் பிரவுசர் திறக்கிறது. வீட்டில் நாலு பேர் புழங்கும் பிரவுசர் என்றால், யாருடைய கூகுள் கணக்கு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள். முடிவில் 'ஆப்பைத் திறக்கலாமா' என்று கேட்டால் 'ஓப்பன்' கொடுக்க மறக்காதீர்கள்.

9. லாகின் லிங்க் மெயிலில் வரும்போது, ஆப் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே அதைத் திறந்தால் வேலை சுலபம். வரவில்லையென்றால் ஸ்பாம், புரோமோஷன்ஸ் இரண்டிலும் தேடுங்கள். இரண்டு மூன்று முறை கேட்டிருந்தால், கடைசியாக வந்த லிங்க்கையே அழுத்துங்கள்.

10. கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் லாகின் பக்கமே சரியாக ஏறாது. பழைய டெஸ்க்டாப்பில் அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறதா? மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சிஆர் 2032 வகைதான். புதுக் கம்ப்யூட்டருக்கு விலை கேட்கும் முன் அதை மாற்றிப் பாருங்கள்.

11. ஆப்பை அழித்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தால் தயங்க வேண்டாம். சாட்ஜிபிடி, கிளாட் உரையாடல்கள் உங்கள் கணக்கில்தான் இருக்கின்றன, அழியாது. கிளாட் டெஸ்க்டாப்பில் நீங்களாக வேறு கருவிகளை இணைத்திருந்தால், அந்த செட்டிங்ஸ் கோப்பை மட்டும் முதலில் நகலெடுங்கள். புது ஆப்பை கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலிருந்தே இறக்குங்கள். தேடும்போது மேலே வரும் விளம்பர லிங்க்கை நம்ப வேண்டாம்.

12. பட்டன் இல்லையே என்று புதுக் கணக்கு தொடங்கிப் பணமும் கட்டிவிட்டால், பழைய சந்தாவும் சேர்ந்து ஓடும். ஆப்பை அழிப்பதால் சந்தா நிற்காது. உள்ளே நுழையவே முடியாவிட்டாலும், ஆப் ஸ்டோர் அல்லது கூகுள் பிளே வழியாகக் கட்டியதை அங்கேயே ரத்து செய்யலாம். யூபிஐ ஆட்டோபே என்றால் உங்கள் யூபிஐ ஆப்பிலேயே நிறுத்தலாம்.

13. அலுவலக மெயிலிலோ கல்லூரி மெயிலிலோ கணக்கு இருந்தால், மற்ற வழிகளை நிர்வாகியே மூடியிருக்க வாய்ப்பு உண்டு. ஐடி பிரிவுக்கு ஒரு போன் போட்டால் போதும். சொந்த விஷயங்களுக்கு சொந்த மெயிலில் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறும்போது அந்த மெயிலோடு உங்கள் உரையாடல்களும் கைவிட்டுப் போகாமல் இருக்கும்.

14. 'லாகின் சரிசெய்து தருகிறோம்' என்று யார் கூப்பிட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள். கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பையும் ஏற்றாதீர்கள். பணம் போய்விட்டால் இந்தியாவில் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

15. எல்லாம் சரியாக இருக்கும்போதே மூன்று வேலைகளை முடித்து வையுங்கள். ஒன்று, செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட் டேட்டா' கொடுத்து உரையாடல்களின் நகலைக் கேளுங்கள். மெயிலில் வரும் லிங்க் 24 மணி நேரத்தில் காலாவதியாகும், அன்றைக்கே இறக்கிவிடுங்கள். இரண்டு, கூகுள் கணக்கில் 10 பேக்அப் கோடுகள் எடுத்து, தாளில் எழுதி ரேஷன் கார்டு ஃபைலில் வையுங்கள். 8 இலக்கமுள்ள ஒவ்வொரு கோடும் ஒருமுறை பயன்படும். மூன்று, ஆப்பின் பெயர், மெயில் முகவரி, எந்தப் பட்டன் என்ற மூன்றையும் வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரே வரியாக எழுதுங்கள். பாஸ்வேர்டு மட்டும் அதில் வேண்டாம். மற்றபடி வீட்டில் யார் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாலும் அந்த ஒரு வரியே வழிகாட்டும்.