அடைக்கோழியும் குஞ்சு வளர்ப்பும்: முக்கியக் குறிப்புகள் (முலுண்ட் – ஆரே பகுதிச் செய்திகளுடன்)

கலைச்சொற்கள்

• அடைகாத்தல் – உடல் வெப்பத்தால் முட்டைக்குள் கருவை வளர்த்தல். கொங்கு வழக்கு: அவயம்.
• அடைக்கோழி – முட்டையிடுவதை நிறுத்தி, கூட்டை விட்டு எழாத பெட்டை. மராத்தியில் 'குடூக்'.
• 'கொக் கொக்' என்னும் தாழ்ந்த தொடர்குரல் – அடைக்கோழியின் அடையாளம். கொக்கரித்தல் – முட்டையிட்டபின் எழும் உரத்த குரல். பொருத்துக வினாக்களில் இடம் மாற்றித் தரப்படும் இணை.
• கூமுட்டை – கரு கூடாமல் கெட்ட முட்டை.
• பஞ்சாரம் – கோழி, குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடை.
• காவ்ரான் கோம்படி – நாட்டுக்கோழிக்கு மும்பைச் சந்தைப் பெயர்.

தோற்றம்

• வீட்டுக்கோழி: கேலஸ் கேலஸ் டொமெஸ்டிகஸ். முதன்மை மூதாதை: சிவப்புக் காட்டுக்கோழி.
• மஞ்சள் தோல் மரபணு: சாம்பல் காட்டுக்கோழியின் கொடை (2008 ஆய்வு). ஒரே மூதாதை என்ற டார்வின் கருத்துக்குத் திருத்தம்.
• உறுதியான மிகப் பழைய வீட்டுக்கோழி எலும்புகள்: தாய்லாந்து, பான் நோன் வாட், கி.மு. 1650–1250.

அடை உணர்வு – உடலியல்

• காரணி: புரோலாக்டின். சுரக்கும் இடம்: பிட்யூட்டரி முன்மடல். தூண்டல்: ஹைபோதலாமஸ்.
• விளைவு: சினைப்பை சுருக்கம், முட்டையிடல் நிறுத்தம், தீவனம் குறைதல், வயிற்று இறகு உதிர்ந்து அடைத்திட்டு உருவாதல்.
• குஞ்சு பொரிந்தபின் புரோலாக்டின் வீழ்ச்சி.
• நாட்டுக்கோழி: ஆண்டுக்கு ஏறத்தாழ 50–80 முட்டை, 3–4 ஈடுகளில். ஒவ்வோர் ஈட்டின் முடிவிலும் அடை.
• வெள்ளை லெகார்ன்: ஆண்டுக்கு 300 முட்டை அளவு, அடை உணர்வு ஏறக்குறைய இல்லை. கூடுதல் முட்டைக்குக் கொடுத்த விலை தாய்மை.
• சிறந்த அடைக்கோழி: அசீல், உலக அளவில் சில்க்கி. அடையில் பின்தங்கிய நாட்டினம்: கடக்நாத் (ஜாபுவா, மத்தியப் பிரதேசம், புவிசார் குறியீடு 2018).
• அடை கலைக்கும் பழைய முறைகள்: தண்ணீரில் முக்குதல், மூக்கில் இறகு செருகுதல். இரண்டும் வதை. தொடர்புடைய சட்டம்: விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960.
• இந்திய விலங்குகள் நல வாரியம்: 1962, முதல் தலைவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

அடைக்காலம் (நாள்கள்)

• கோழி 21
• ஜப்பானியக் காடை 17–18
• வான்கோழி 28
• வாத்து 28. மணிலா வாத்து 35 (அதிகம் கேட்கப்படும் விதிவிலக்கு)
• கினிக்கோழி 26–28
• நெருப்புக்கோழி 42
• ஈமு: 8 வாரம் அளவு, அடைகாப்பது ஆண்
• அடையே காக்காதவை: குயில் (காக்கைக் கூடு), நிக்கோபார் மெகபோட் (மண்மேட்டு வெப்பம்)

அடை வைத்தல்

• ஒரு நாட்டுக்கோழிக்கு 10–12 முட்டை. அளவு மிகுந்தால் ஓர முட்டைகள் குளிர்ந்து கரு இறத்தல்.
• முட்டைத் தேர்வு: 7 நாளுக்கு உட்பட்டது, நடுத்தர எடை, விரிசல் அற்றது, கழுவாதது. கழுவினால் ஓட்டின் மேலுறை நீங்கி நுண்ணுயிர் நுழைவு.
• சேமிப்பு: கூர்முனை கீழ், அகன்ற முனை மேல். காற்றறை இருப்பது அகன்ற முனையில்.
• கரு வளர்ச்சி தொடங்கும் வாசல் வெப்பம்: 20–21° செல்சியஸ் அளவு. மும்பையில் பெரும்பாலான நாள்களில் அறை வெப்பமே இதைத் தாண்டும். கோழி அமருமுன் அரைகுறை வளர்ச்சி, பின் கருச்சாவு. ஈர மணல் மீது மண்சட்டி வைத்து அதில் முட்டை சேர்க்கும் வழக்கத்தின் காரணம் இதுவே.
• அடைப்பெட்டி: அகன்ற கூடை, மணல், வைக்கோல், வேப்பிலை. இருட்டு மூலை. பேன், செள் தாக்கினால் கோழி கூட்டைக் கைவிடும். சாம்பல் குளியல் தேவை.
• இரும்புத்துண்டு, அடுப்புக்கரி, மிளகாய் வற்றல் போடுதல்: இடியில் முட்டை கெடாது என்ற நம்பிக்கை. அறிவியல் விடைத்தாளில் இதற்கு மதிப்பெண் இல்லை.
• கோழி கூட்டை விட்டு எழுவது: நாளுக்கு ஒருமுறை, 15–20 நிமிடம் அளவு. தீனி, நீர், எச்சம் மூன்றும் அப்போதே.

கோழிக்கு நிகராக இயந்திரம்

• வெப்பம் 37.5–37.8° செல்சியஸ்.
• ஈரப்பதம்: முதல் 18 நாள் 55–60%, இறுதி 3 நாள் 65–75%.
• முட்டை திருப்புதல் 18ஆம் நாள் வரை. திருப்பாவிடில் கரு ஓட்டுச்சவ்வில் ஒட்டுதல்.
• ஒளிச்சோதனை: 7ஆம் நாள், 18ஆம் நாள். சிலந்தி போன்ற இரத்தக்குழாய்கள் – உயிர்க்கரு. தெளிவு – கரு கூடாதது. இரத்த வளையம் – இறந்த கரு.
• பழமை: எகிப்தின் பொரிப்படுப்புகள். நவீன வணிகப் பொரிப்பான்: லைமன் பைஸ், பெட்டலூமா (கலிபோர்னியா), 1879.
• மேற்கண்ட எண்கள் எதுவும் அடைக்கோழிக்குத் தெரியாது. நல்ல கோழியின் பொரிப்புவீதம் இயந்திரத்துக்குக் குறைவும் இல்லை.

கருவளர்ச்சி – நாள்வரிசை

• 2: இதயத்துடிப்பு
• 7 அளவில்: முட்டைப்பல் தோற்றம்
• 19: மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபடல்
• 20: காற்றறையில் முதல் மூச்சு, ஓட்டில் முதல் கீறல். ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சின் குரல்; தாயின் மறுகுரல்.
• 21: பொரிதல்
• எஞ்சிய மஞ்சள் கருவால் 48–72 மணி நேரம் தீனியின்றி உயிர்வாழும். ஒருநாள் குஞ்சு வணிகத்தின் அடித்தளம் இந்த ஒரே உண்மை.
• கோழியினத்தில் பாலினம் முடிவு செய்வது பெட்டை: பெட்டை இசட்–டபிள்யூ, சேவல் இசட்–இசட். முட்டையின் வடிவம் பாலினம் காட்டாது.

வளர்ப்புத்தாய் முறை

• கடையில் வாங்கிய அல்லது அரசுப் பண்ணைக் குஞ்சை அடைக்கோழியிடம் சேர்த்தல்.
• நேரம்: இரவு. குஞ்சின் வயது: 1–3 நாள். அடைமுட்டையை எடுத்துவிட்டு, குஞ்சை வயிற்றடியில் வைத்தல். விடியலில் கண்காணிப்பு, கொத்தினால் உடனே பிரித்தல்.
• அடிப்படை: பதிவுணர்வு – கோன்ராட் லோரன்ஸ், 1935. நோபல் 1973 (டின்பெர்கன், ஃபிரிஷ் உடன்).
• கொத்து வரிசை: ஷெல்டெரப்-எப்பே, நார்வே, 1921.
• தாய் இல்லையெனில் விளக்கு: முதல் வாரம் 35° செல்சியஸ், வாரந்தோறும் 3° அளவு குறைப்பு. குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர், ஓரம் ஒதுங்கினால் வெப்பம், பரவினால் சரி. வெப்பமானியை விட நம்பகமான குறி.
• தாய் பிரிவு: 6–10 வாரம். முன்பே பிரித்தால் அடுத்த ஈடு விரைவு.
• தீனி: நொய், கம்பு, கரையான். கரையான் பிடிப்பு: சாணமும் கிழிந்த சாக்கும் நிரப்பிய பானையைப் புற்றருகே மாலையில் கவிழ்த்தல், காலையில் எடுத்தல்.
• தண்ணீர்த்தட்டில் கூழாங்கல் – குஞ்சு மூழ்காதிருக்க.

நோய்கள்

• கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்), அனைத்துலகப் பெயர் நியூகாசில், இந்தியப் பெயர் ராணிக்கேத்: வைரஸ். 1926 ஜாவா, இங்கிலாந்து. பின்னர் ராணிக்கேத் (இன்றைய உத்தராகண்ட்).
• தடுப்பு: 5–7 நாளில் லசோட்டா அல்லது எஃப் வகை, கண்/மூக்குச் சொட்டு, 8ஆம் வாரம் ஊசி. தாய் மூலம் வந்த எதிர்ப்பாற்றல் தற்காலிகம்.
• தமிழ்நாட்டில் இருவாரத் தடுப்பூசி முகாம்: வழக்கமாகப் பிப்ரவரி.
• இரத்தக்கழிச்சல்: எய்மெரியா, ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. ஈரத் தரை முதல் எதிரி.
• கோழி அம்மை: வைரஸ், கொசு கடத்தி.
• புல்லோரம்: சால்மோனெல்லா; முட்டை வழியாகத் தாயிடமிருந்து குஞ்சுக்கு.
• பறவைக்காய்ச்சல் எச்5என்1, இந்தியாவில் முதல் பதிவு: நவாப்பூர், நந்துர்பார் மாவட்டம், மகாராட்டிரம், பிப்ரவரி 2006. ஆய்வகம்: போபால்.
• சனவரி 2021: மும்பையில் செத்த காகங்களில் பறவைக்காய்ச்சல் உறுதி, செம்பூர் அவ்விடங்களுள் ஒன்று.

முலுண்ட் – ஆரே

• முலுண்ட்: மும்பையின் வடகிழக்குப் புறநகர், மத்திய ரயில்வே. மேற்கெல்லை: சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, ஏறத்தாழ 104 சதுர கி.மீ.
• பூங்கா ஓரக் கொல்லைகளில் கோழிக்குப் பகை: சிறுத்தை, கீரி, பாம்பு, பருந்து. மூங்கில் பஞ்சாரம் பகலுக்கு மட்டும். இரவுக்குத் தரையிலிருந்து உயர்ந்த பலகைக் கூண்டு.
• பூங்காவின் மறுபுறம்: ஆரே பால் குடியிருப்பு, கோரேகாவ் கிழக்கு. நிறுவல் 1949, நேரு திறப்பு 1951. முதன்மைப் பெயர்: தாரா குரோடி – மகசேசே விருது 1963 (குரியன், டி.கே. படேல் உடன்).
• மத்தியக் கோழிவளர்ச்சி அமைப்பு, மேற்கு மண்டலம்: ஆரே. பிற மண்டலங்கள்: சண்டிகர் (வடக்கு), புவனேசுவரம் (கிழக்கு), எசரகட்டா, பெங்களூரு (தெற்கு).
• பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரி, பரேல்: 1886. சென்னைக் கல்லூரி: 1903. குழப்பம் தரும் இணை.
• தென்மேற்குப் பருவமழைத் தொடக்கம், மும்பை: சூன் 11 (2020 திருத்தம், முன்பு சூன் 10). மழைக்குள் 8 வாரம் கடந்த குஞ்சு தேற வாய்ப்பு அதிகம். எனவே அடை மார்ச்சில். சூலையில் அடை வைத்தால் இரத்தக்கழிச்சல் எதிர்பார்ப்பு.

எண்களும் நிறுவனங்களும்

• 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு, 2019: கோழியினம் மொத்தம் 85.18 கோடி, உயர்வு 16.8%. கொல்லைப்புறக் கோழி 31.7 கோடி, உயர்வு 45.8%. வணிகக் கோழி உயர்வு 4.5% மட்டும்.
• மாநில வரிசை: தமிழ்நாடு 1 (12.08 கோடி), மகாராட்டிரம் 5 (7.43 கோடி).
• தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம்: 1989, இந்தியாவின் முதல் கால்நடைப் பல்கலைக்கழகம்.
• மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம், இசத்நகர்: 1979. வெளியீடு: நிர்பீக், சியாமா.
• கோழி ஆராய்ச்சி இயக்ககம், ஐதராபாத். வெளியீடு: வனராஜா, கிராமப்பிரியா.
• வனராஜா: கொல்லைப்புறத்தில் 100–110 முட்டை, அடை உணர்வு இல்லை. முட்டையைப் பொரிக்க நாட்டுக்கோழி அல்லது இயந்திரம்.