உண்ணா நோய்

உணவு கிடைக்காமல் மெலிவாரை உலகம் அறியும். உணவு நிறைந்த இல்லத்தில், பெற்றோர் வருந்தி அழைத்தும், உண்ண மறுத்து மெலிவாரும் உளர். இதனைப் பிடிவாதம் என்றும் பருவத்தின் குறும்பு என்றும் எண்ணுதல் பிழையாகும். இஃது ஒரு நோய். அதுவும் உயிரைக் கவரும் நோய்.

இந்நோய் புதியதன்று. இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு மார்ட்டன் 1689-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இருவரைப் பற்றி எழுதியுள்ளார். ஒருத்தி 18-ஆம் வயதில் நோயுற்ற நங்கை. காய்ச்சலோ இருமலோ இன்றியே அவள் எலும்பும் தோலுமாயினாள். மருந்துகளில் சலிப்புற்று அவற்றைக் கைவிட்டாள். மூன்று திங்களில் இறந்தாள். மற்றவன் 16 வயதுச் சிறுவன். இந்நோய் பெண்களுக்கே உரியது என்று இன்றும் கூறுவோர், அந்தப் பழைய நூலிலேயே ஓர் இளைஞன் இடம் பெற்றிருத்தலை அறியார் போலும்!

1873-ஆம் ஆண்டில் இலண்டனில் சர் வில்லியம் கல் என்பவரும், பாரிசில் லசேக் என்பவரும் தனித்தனியே இந்நோயை ஆராய்ந்து விளக்கினர். கல் இதற்கு இட்ட பெயர் ‘அனோரெக்சியா நெர்வோசா’ என்பது. அனோரெக்சியா என்றால் பசியின்மை. பெயர் அத்துணைப் பொருத்தமுடையதன்று. நோயாளர் பலருக்குப் பசி உண்டு. உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சமே பசியை வென்று நிற்கின்றது. மிக மெலிந்த பின்னரும் தம்மைப் பருத்தவராகவே அவர்கள் காண்பர். அந்நிலையிலும் சிலர் ஓய்ந்திராது இயங்குவர். கல் இதனைக் கண்டு வியந்தார்.

பட்டினி உள்ளத்தை எவ்வாறு மாற்றுகின்றது? அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 1944, 1945-ஆம் ஆண்டுகளில் இதனை ஆராய்ந்தார். நல்ல உடல்நலமுடைய 36 ஆடவர் தாமாகவே முன்வந்தனர். ஆறு திங்கள் அரைப்பட்டினி இருந்த அவர்கள் தம் எடையில் ஏறக்குறையக் கால் பங்கினை இழந்தனர். அவர்கள் எப்போதும் உணவையே நினைத்தனர். சமையல் நூல்களைத் தேடித் திரட்டினர். சிறு செய்திக்கும் சினந்தனர். நண்பரை விட்டு ஒதுங்கினர். நோயின் குறிகள் என நாம் எண்ணுபவற்றுள் பல பட்டினியின் விளைவுகளே என்பது இதனால் புலனாயிற்று. எனவே, மனம் தெளிவதற்கும் முதலில் உடல் தேறல் வேண்டும்.

அளவிறந்து உண்டு, பின் அதற்காக நாணித் தம்மை வருத்திக்கொள்ளும் நோயும் உண்டு. அதற்குப் ‘புலிமியா நெர்வோசா’ என 1979-இல் பெயரிட்டவர் ஜெரால்டு ரசல். இத்தகைய நோயாளரின் உடல் மெலியாமலும் இருக்கலாம்; ஆதலின் உடனிருப்போரும் அறிவதில்லை.

2019-ஆம் ஆண்டில் உலகில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் மக்கள் உணவு தொடர்பான இந்நோய்களால் வருந்தினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அவருள் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் சிறுவரும் இளைஞரும் ஆவர். மனநோய்களுள் மிகுதியாக உயிரைக் கொள்வனவற்றுள் அனோரெக்சியா ஒன்று. இதயம் தளர்தலால் சிலர் இறக்கின்றனர். மனம் உடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வாரும் உளர். அமெரிக்கப் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-இல் தம் 32-ஆம் வயதில் இந்நோயால் மாண்டபோதுதான் பொதுமக்கள் பலர் இதன் பெயரையே கேள்வியுற்றனர்.

நோயாளரைப் பேணுவதற்கு உறவினர் தக்கவரல்லர் என்பது கல்லின் கருத்து. இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த ரசலும் அவர்தம் துணைவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வு அக்கருத்தை அசைத்தது. நோய் தொடங்கி நெடுநாள் ஆகாத இளையோரிடத்தில், குடும்பத்தாரை உடன்கொண்டு செய்த மருத்துவமே மிகுந்த பயன் தந்தது. இன்று பல நாடுகளில், மருத்துவரின் துணையோடு, தாயும் தந்தையுமே பிள்ளையின் அருகமர்ந்து ஒவ்வொரு வேளையும் உண்பிக்கின்றனர்.