காற்றும் குறியும்

துப்பாக்கி என்றவுடன் போர்க்களமும் வேட்டையும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் உயிர் எதற்கும் ஊறு செய்யாமல், தொலைவில் நிற்கும் காகித அட்டை ஒன்றைக் குறிவைத்துச் சுடும் விளையாட்டும் உண்டு. இதில் ஓட வேண்டியதில்லை. பாரம் தூக்க வேண்டியதில்லை. அசையாதிருக்கும் உடலும், கணக்கறிந்த அறிவும், காத்திருக்கும் மனமுமே இதற்குத் தேவை. வகுப்பில் நாம் படிக்கும் இயற்பியல் இவ்விளையாட்டில் எவ்வாறு உயிர்பெறுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சிறு குண்டு, நெடுந்தொலைவு

தேசிய மாணவர் படையில் பயிலும் மாணவியருக்கு .22 ரைபிள் பழக்கமான பெயர். அதன் குழலின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ நூற்றில் 22 பங்கு, அதாவது 5.6 மில்லிமீட்டர். ஈயத்தாலான அதன் குண்டு சுமார் 2.6 கிராம் எடையே உள்ளது. குழலின் உட்புறம் சுருள் வடிவில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே வரும் குண்டு பம்பரம்போல் சுழன்றுகொண்டு வெளியேறுகிறது. சுழலும் பம்பரம் சாயாது நிற்பதுபோல், சுழலும் குண்டும் தலை தடுமாறாமல் செல்கிறது.

ஒலிம்பிக் போட்டியில் இந்த ரைபிளுக்கு உரிய தொலைவு 50 மீட்டர். அங்குள்ள அட்டையில் 10 புள்ளி பெறும் நடு வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், நம் சட்டைப் பொத்தானின் அளவு. இதனினும் நெடுந்தொலைவுப் போட்டிகளும் உண்டு. தாமஸ் டூவர் என்ற பிரிட்டிஷ் தொழிலதிபர் வழங்கிய கோப்பைக்காக 1909ஆம் ஆண்டில் தொடங்கிய போட்டியில் 50 கெஜத்திலும் 100 கெஜத்திலும் சுடுவார்கள். பிரிட்டனும் அமெரிக்காவும் தத்தம் நாட்டிலேயே சுட்டு, பின்னர் புள்ளிகளை ஒப்பிடும் முறை இது.

புவியீர்ப்பின் கணக்கு

போட்டிக் குண்டு குழலைவிட்டு வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 50 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.158 வினாடி ஆகும். அந்தக் கண நேரத்திலும் புவியீர்ப்பு ஓய்ந்திருப்பதில்லை. குழலின் நேர்கோட்டிலிருந்து குண்டு 12 சென்டிமீட்டர் கீழிறங்கிவிடுகிறது. 100 கெஜத்தில், அதாவது 91 மீட்டரில், இறக்கம் ஏறத்தாழ 42 சென்டிமீட்டர். தொலைவு இருமடங்குகூட ஆகவில்லை. இறக்கமோ மும்மடங்கைத் தாண்டிவிட்டது. வீழும் தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நாம் படித்த விதியே இதற்குக் காரணம்.

ஆனால் புவியீர்ப்பு நேர்மையானது. இன்றும் நாளையும் ஒரே அளவில் இழுக்கும். எனவே குறிபார்க்கும் கருவியை ஒருமுறை சரியாகத் திருப்பி வைத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. காற்று அப்படிப்பட்டதன்று.

காற்றின் விளையாட்டு

பக்கவாட்டில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் இளங்காற்று வீசுகிறது என்று கொள்வோம். குண்டு 0.158 வினாடி பறக்கிறது. 3-ஐ 0.158-ஆல் பெருக்கினால் 47 சென்டிமீட்டர் வருகிறது. குண்டு அவ்வளவு விலகுமா? விலகாது. உண்மையான விலக்கம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர்தான். இது ஏன்?

பலூன் காற்றோடு மிதந்து செல்லும். குண்டு காற்றைக் கிழித்துச் செல்கிறது. சுழலும் குண்டு, தன்னை எதிர்த்து வரும் காற்றை நோக்கி மூக்கைச் சற்றே திருப்பிக்கொள்கிறது. ஆகவே காற்றின் தடை அதனைப் பின்னுக்கு இழுக்கும்போது பக்கவாட்டிலும் சிறிது இழுக்கிறது. தடை எவ்வளவு தாமதம் உண்டாக்குகிறதோ அந்த அளவுக்கே விலக்கம் ஏற்படும். காற்றில்லாத வெற்றிடத்தில் இக்குண்டு 50 மீட்டரை 0.152 வினாடியில் கடந்திருக்கும். உண்மையில் ஆனது 0.158 வினாடி. தாமதம் 0.006 வினாடி. இதனை 3-ஆல் பெருக்கினால் 18 மில்லிமீட்டர். சிறிய அளவுதானே என்று எண்ண வேண்டாம். 10 புள்ளி பெறவேண்டிய குண்டு 8 புள்ளிக்கு இறங்கிவிட இதுவே போதும்.

இதிலிருந்து வியப்பான உண்மை ஒன்று பிறக்கிறது. ஒலியைவிட வேகமாகச் செல்லும் .22 தோட்டாக்களும் கடையில் கிடைக்கின்றன. வேகமான குண்டு காற்றில் குறைவாக விலகும் என்றே நாம் நினைப்போம். ஆனால் ஒலியின் வேகத்தை ஒட்டியும் அதனைத் தாண்டியும் காற்றின் தடை திடீரெனப் பெருகுகிறது. தாமதம் கூடுகிறது, விலக்கமும் கூடுகிறது. ஆகையால்தான் போட்டிக்குரிய தோட்டாக்களை ஒலியின் வேகத்திற்குச் சற்றுக் குறைவாகவே செய்கிறார்கள்.

காற்றைப் படித்தல்

சுடுமிடத்தில் இலக்கு வரை சிறு கொடிகள் நட்டிருப்பார்கள். நேர் பக்கவாட்டில் வீசும் காற்றின் பாதிப்பே முழுமையானது. குண்டு செல்லும் பாதைக்கு 30 பாகை சாய்வில் வீசினால் பாதிப்பு பாதி. சுடுபவருக்கு அருகில் வீசும் காற்றே மிகுதியாகக் கெடுக்கும். தொடக்கத்தில் விழும் சிறு திருப்பம், போகப் போகப் பெரிதாகும் அன்றோ?

தேர்ந்த போட்டியாளர் என்ன செய்வார்? எண்ணிக்கையில் சேராத சோதனைக் குண்டுகளைச் சுட்டு, எந்தக் கொடி எப்படி நின்றால் குண்டு எங்கே விழுகிறது என்று மனத்தில் குறித்துக்கொள்வார். பின்னர் கொடி மீண்டும் அதே நிலைக்கு வரும்வரை காத்திருப்பார். கொடி திரும்பிவிட்டால், விசையில் வைத்த விரலையும் எடுத்துவிட்டு, மூச்சுவாங்கி, முதலிலிருந்து தொடங்குவார். சுடாமல் விட்ட அந்தக் கணங்களே பல வேளைகளில் வெற்றியைத் தேடித் தருகின்றன.

பெண்களும் இவ்விளையாட்டும்

மூன்று நிலைப் போட்டியில் படுத்தும், நின்றும், முழந்தாளிட்டும் சுட வேண்டும். இதில் தசைவலிமைக்கு முதலிடம் இல்லை. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே இப்போட்டியில் கலந்துகொண்டனர். அமெரிக்காவின் மார்கரெட் மர்டாக், ஒரு குழந்தையின் தாய், 120 குண்டுகளில் 1200-க்கு 1162 புள்ளிகள் பெற்றார். அவர் நாட்டவரான லானி பாஷமும் 1162 புள்ளிகளே பெற்றார். சமநிலையை முறிக்கும் விதிப்படி தங்கம் பாஷமுக்கும் வெள்ளி மர்டாக்குக்கும் சென்றன. நாட்டுப்பண் இசைத்தபோது பாஷம் அவரைத் தம்முடன் முதற்படியில் ஏற்றி நிறுத்திக்கொண்டார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் பெண்மணி மர்டாக்கே.

1984இல் பெண்களுக்கெனத் தனி ரைபிள் போட்டிகள் வந்தன. அதனால் பல நாட்டுப் பெண்களுக்கு வாய்ப்புப் பெருகியது உண்மை. ஆனால் மூன்று நிலைப் போட்டியில் ஆண்களுக்கு 120 குண்டுகள், பெண்களுக்கு 60 என்று விதித்தார்கள். ஆண்களோடு சேர்ந்து 120 குண்டுகளையும் சுட்டுச் சமநிலை கண்ட ஒரு பெண் இருந்தும், இந்த வேறுபாடு 2018 வரை நீடித்தது. திறமை உண்டென்று ஒருமுறை மெய்ப்பித்துவிட்டால் போதும் என்று நாம் இருந்துவிடலாகாது என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டில் தேசிய மாணவர் படையின் வழியே இத்துறைக்கு வந்த அஞ்சலி பாகவத், 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றை எட்டினார். மருத்துவப் படிப்பை விட்டு இவ்விளையாட்டைத் தேர்ந்த சிஃப்ட் கவுர் சம்ரா, 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் 469.6 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். அன்று அது உலக சாதனை.

முதற் பாடம்

இத்தனையும் கற்பதற்கு முன் கற்கவேண்டியது பாதுகாப்பு. காலியாக இருப்பினும் துப்பாக்கியில் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும். குழல்முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். குறிபார்க்கும் வரை விரல் விசையைத் தொடலாகாது. பயிற்சியாளர் சொல்லின்றி எதையும் தொடுதல் கூடாது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்தைக் குறிக்கும் சொல் ஹமார்த்தியா. குறி தவறுதல் என்பதே அதன் வேர்ப்பொருள். குறி தவறியவர் காற்றைப் பழித்துக்கொண்டிருந்தால் அடுத்த குண்டும் தவறும். எங்கே விழுந்தது என்று மறைக்காமல் பார்த்து, எவ்வளவு விலகியது என்று அளந்து, கருவியைத் திருத்திக்கொண்டு மறுபடியும் குறிவைப்பவரே முன்னேறுவார். இரவு செபத்தின்போது நாம் செய்யும் ஆன்மச் சோதனையும் இதுவே அல்லவா? தோழியரே, தேர்வானாலும் வாழ்வானாலும் கொடியைக் கவனியுங்கள், அவசரப்படாதீர்கள், குறியைவிட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.