துணிச்சுவருக்கு அப்பால்

நுழையும்முன்

ஆப்பிரிக்க வனவிலங்குகளைக் காணும் பயணம் செல்வந்தர்க்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. கூடாரத்தில் உறங்கி, எளிய உணவை உண்டு, வண்டி வாடகையைப் பகிர்ந்துகொண்டு செல்வோரும் அதே சிங்கத்தைத்தான் காண்கின்றனர். தான்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியில் நிகழும் அத்தகைய பயணத்தையும், அச்சமவெளியை விட்டு வெளியேறிய மக்களின் நிலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

'சஃபாரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழியில் பயணத்தைக் குறிக்கும் சொல். அரபு மொழியின் 'சஃபர்' என்னும் சொல்லிலிருந்து வந்தது. உறவினரைக் காணச் செல்லும் பேருந்துப் பயணமும் அம்மக்களுக்குச் சஃபாரியே. ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில்தான் அச்சொல்லோடு துப்பாக்கி சேர்ந்துகொண்டது. 1909ஆம் ஆண்டில் அமெரிக்க மேனாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் கிழக்கு ஆப்பிரிக்கா சென்றபோது, சுமைதூக்குவோர் நூற்றுக்கணக்கில் உடன்நடந்தனர். அவரும் அவர் மகனும் 500க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினர். இன்று துப்பாக்கியின் இடத்தை ஒளிப்படக்கருவி பெற்றுள்ளது. நீண்ட சுமைவரிசைக்கு மாறாக, மேற்கூரை உயரும் வண்டி ஒன்றும் அதன் ஓட்டுநரும் சமையற்காரரும் போதுமானவராயினர்.

செலவும் சிக்கனமும்

தான்சானியாவின் வடபகுதியில் உள்ள அருசா நகரமே இப்பயணங்களின் தொடக்க இடம். அங்கிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதி 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கோரோங்கோரோ வாயில்வரை தார்ச்சாலை. அதன்பின் புழுதி பறக்கும் சரளைப்பாதை. வண்டி, எரிபொருள், ஓட்டுநர் ஊதியம் ஆகியவை இருவர் சென்றாலும் அறுவர் சென்றாலும் ஏறத்தாழ ஒன்றே. எனவே, முன்பின் அறியாத அறுவர் ஒரே வண்டியில் இணைவது சிக்கனத்தின் முதற்படி. விடுதிக்கு மாறாகப் பொது முகாமில் தங்குவது அடுத்த படி.

பூங்காவின் நுழைவுக் கட்டணத்தில் மட்டும் சிக்கனம் செல்லாது. வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் 24 மணிநேரத்திற்கு ஒருமுறை அதனைச் செலுத்துதல் வேண்டும். சொகுசு விடுதியில் தங்குபவருக்கும் தரையில் படுப்பவருக்கும் அத்தொகை ஒன்றே. ஆதலால், எளிய பயணத்தின் செலவில் பெரும்பங்கைக் கட்டணங்களே விழுங்கிவிடுகின்றன. அனுமதிச்சீட்டில் பதிவான நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டபடியே ஓட்டுநர் வண்டி செலுத்துவது இதனால்தான். சிறுத்தையைக் கண்டு மெய்ம்மறந்திருக்கும் பயணிகளுக்கு அவரது அவசரம் சில நேரங்களில் எரிச்சலூட்டும். வாயிலைக் கடக்கத் தாமதமானால் நேரும் கூடுதல் செலவை அவர் ஒருவரே நினைவில் வைத்திருப்பார்.

ஏப்ரல், மே திங்கள்களில் நெடுமழை பொழியும். சேற்றில் சக்கரங்கள் புதையும், பல முகாம்கள் வெறிச்சோடும், வாடகையும் குறையும். பொருள் குறைவாகவும் பொறுமை மிகுதியாகவும் உடையோர்க்கு ஏற்ற பருவம் அது.

வேலியில்லா முகாம்

செரெங்கெட்டியின் நடுவே அமைந்த செரோனேரா பகுதியில் பொது முகாம்கள் சில உள்ளன. அவற்றைச் சுற்றி வேலி இல்லை. சமையலுக்கும் உணவுக்கும் கம்பித்தடுப்புடைய கூடங்கள் உண்டு. அங்கே கூண்டுக்குள் இருப்பவர் மனிதர். வெளியே உலவுவன விலங்குகள். கூடாரத்திற்குள் உணவுப்பொருள் எதனையும் வைத்தல் கூடாது. ஒரு வாழைப்பழத்தோலின் மணமும் விலங்குகளை ஈர்க்கப் போதுமானது. இருட்டியபின் தனியே நடத்தலும் கூடாது. கழிப்பறைக்குச் செல்ல நேரின், முதலில் கூடாரத்தின் வாயிலில் நின்று கைவிளக்கொளியை நாற்புறமும் செலுத்திப் பார்த்தல் வேண்டும். விலங்குகள் பலவற்றின் விழித்திரைக்குப் பின்னே ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. விளக்கொளி பட்டதும் கண்கள் மின்னும். மின்னுவது மானின் கண்ணாகவும் இருக்கலாம், கழுதைப்புலியின் கண்ணாகவும் இருக்கலாம். எதுவென்று ஆராய்வதைவிட உள்ளே திரும்பிவிடுவதே அறிவுடைமை.

சிங்கத்தின் முழக்கம் எட்டுக் கிலோமீட்டர் தொலைவுவரை கேட்கக்கூடியது. கூடாரத் துணியோ ஒரு விரற்கடை கனமும் இல்லாதது. எனினும், நன்கு மூடப்பட்ட கூடாரத்தைக் கிழித்து விலங்குகள் உட்புகுவது மிக அரிது என்பது வழிகாட்டிகளின் நெடுங்கால அனுபவம். அச்சத்தோடு படுத்துப் பயணக் களைப்பில் உறங்கிப்போனவர், விடியலில் கூடாரத்தருகே புதிய காலடித்தடங்களைக் காண்பதுண்டு.

புல்லைத் தேடும் பெருங்கூட்டம்

'நூ' என்றும் அழைக்கப்படும் வைல்டபீஸ்ட், மாட்டின் தலையும் குதிரையின் பிடரியும் கொண்டதுபோல் தோன்றும் இரலை இனம். செரெங்கெட்டியில் இவை 12 இலட்சத்திற்கும் மேல். வரிக்குதிரைகளும் காஸெல் மான்களும் இவற்றோடு ஆண்டு முழுதும் மழையையும் புல்லையும் தொடர்ந்து வட்டமாக இடம்பெயர்கின்றன. தென்பகுதிச் சமவெளியில் எரிமலைச் சாம்பல் படிந்துள்ளமையால், அங்குள்ள குட்டைப்புல்லில் சுண்ணாம்பு முதலிய தாதுக்கள் மிகுதி. பாலூட்டும் தாய்க்கு அவை இன்றியமையாதவை. பிப்ரவரித் திங்களை ஒட்டிச் சில வாரங்களுக்குள் இலட்சக்கணக்கான கன்றுகள் அங்கே பிறக்கின்றன. கன்று சில நிமிடங்களிலேயே எழுந்து நிற்கிறது. எல்லாம் ஒரே காலத்தில் பிறப்பதால், கொன்றுண்ணிகள் எத்துணை உண்டாலும் பெரும்பாலான கன்றுகள் அவற்றுக்கு எட்டாமல் தப்புகின்றன. ஜூலைக்குப் பின் வடக்கே மாரா ஆற்றைக் கடக்கையில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவை மூழ்கி மடிகின்றன. அவ்வுடல்கள் முதலைகளுக்கும் மீன்களுக்கும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் உணவாகின்றன.

இக்கூட்டம் என்றும் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. 1890களில் பரவிய வெக்கை நோய் மாடுகளையும் இரலைகளையும் ஒருசேர அழித்தது. பின்னர் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டதும் காட்டு விலங்குகளிடத்தும் அந்நோய் மறைந்தது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த வைல்டபீஸ்ட்டின் தொகை, இருபது ஆண்டுகளுக்குள் பன்னிரண்டு இலட்சத்தைக் கடந்தது. மேய்ப்பரின் மாட்டுக்கு இட்ட ஊசி, காட்டு மந்தையையும் காத்தது.

நிலத்தை விட்டவர்கள்

அந்த மேய்ப்பர்கள் மாசாய் மக்கள். 'செரெங்கெட்டி' என்னும் பெயரே, எல்லையற்று விரியும் நிலம் என்னும் பொருளில் அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். முல்லைத்திணை பயின்ற மாணவர்க்கு, ஆநிரையே செல்வம் எனக் கருதும் வாழ்வு புதிதன்று. காட்டு விலங்குகளை வேட்டையாடி உண்ணும் வழக்கம் மாசாய் மக்களிடம் பெரிதும் இல்லை. அவர்தம் மாடுகளும் வரிக்குதிரைகளும் நெடுங்காலம் ஒரே வெளியில் மேய்ந்தன. 1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவாயிற்று. 1959இல், பிரித்தானிய ஆட்சியின்கீழ், மாசாய் மக்கள் அதிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அண்டையிலுள்ள கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியில் அவர்கள் தொடர்ந்து வாழலாம், மேய்க்கலாம் என உறுதியளிக்கப்பட்டது.

அவ்வுறுதி இன்று கேள்விக்குள்ளாகியுள்ளது. மக்கள்தொகையும் கால்நடைகளும் பெருகி நிலம் தாங்கவில்லை என்கிறது அரசு. 2022 முதல் கோரோங்கோரோவில் வாழ்வோர் பலநூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மசோமேரா என்னும் ஊருக்கு மாற்றப்பட்டு வருகின்றனர். விருப்பமுடையோரே செல்வதாக அரசு கூறுகிறது. பள்ளி, மருத்துவ வசதிகள் குறைக்கப்படுவதால் செல்ல நேர்கிறது என்று மாசாய் மக்களில் பலரும் மனித உரிமை அமைப்புகளும் மறுக்கின்றனர். பயணி செலுத்தும் கட்டணம் காவலர் ஊதியத்திற்கும் சாலைக்கும் விலங்குப் பாதுகாப்பிற்கும் உதவுகிறது என்பது உண்மை. ஆயினும், இந்நிலத்திற்காக மிகுந்த விலை கொடுத்தோர் பட்டியலில் பயணியின் பெயர் முதலில் வாராது.

அருசாவிலிருந்து செரெங்கெட்டிக்குச் செல்லும் முதன்மைச் சாலை கோரோங்கோரோவின் ஊடாகவே செல்கிறது. வழியில் செவ்வாடை போர்த்திய மேய்ப்பர்கள் கைக்கோலுடன் நிற்பதைப் பயணிகள் காண்கின்றனர். அவர்தம் மாடுகளுக்குச் சற்றுத் தள்ளி வரிக்குதிரைகள் மேய்கின்றன.